அண்டை நாடுகளுடன் உற்பத்திப் பொருள் வர்த்தகம்: உபரியா, பற்றாக்குறையா என்று நீங்களே கணக்கிடும் முறை

ஓசூர் சிப்காட்டில் உதிரிபாகம் செய்பவருக்கு, நேபாளமும் வங்கதேசமும் நம்மிடம் எவ்வளவு வாங்குகின்றன, நாம் அவர்களிடம் எவ்வளவு வாங்குகிறோம் என்று தெரிய வேண்டியிருக்கிறது. தருமபுரி, கிருஷ்ணகிரி கல்லூரிகளில் பொருளாதாரமும் வணிகவியலும் படிப்பவர்களுக்கு இது புராஜெக்ட் தலைப்பாகவே வந்துவிடுகிறது. இரு தரப்பும் தடுக்கி விழுவது ஒரே இடத்தில்தான். தரவை முதலில் இறக்குகிறார்கள். "உற்பத்திப் பொருள்" எது, "அண்டை நாடு" எது என்று பிறகு யோசிக்கிறார்கள். இந்த இரண்டையும் எப்படி வரையறுக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து, வரும் விடை கூட்டலில் இருந்து கழித்தலுக்கே மாறிவிடும். அதனால் இந்த வழிகாட்டியில் முதல் பாதி கணினியைத் திறக்காமல் செய்யும் வேலை.

முன்கூட்டி வேண்டியவை: எக்செல் அல்லது லிப்ரே ஆஃபீஸ், ஐ.நா. காம்ட்ரேட் (நாடுகளின் வர்த்தகத் தரவு) தளத்தில் இலவசப் பதிவு, ஐ.நா. புள்ளியியல் பிரிவு வெளியிடும் எச்.எஸ்.–எஸ்.ஐ.டி.சி. (சரக்குகளை வகைப்படுத்தும் இரண்டு எண்முறைகள்) மாற்று அட்டவணை, ஒரு நோட்டுப் புத்தகம். நோட்டு எதற்கு என்றால், எடுத்த ஒவ்வொரு முடிவையும் தேதியோடு எழுதி வைக்க.

1. அண்டை நாடுகளின் பட்டியலை எழுதி மூடுங்கள்

நில எல்லையை வைத்துப் பார்த்தால் சீனா, பாகிஸ்தான், நேபாளம், பூடான், வங்கதேசம், மியான்மர் வரும். அரசுக் கணக்கில் ஆப்கானிஸ்தானும் எல்லை நாடு. கடலையும் சேர்த்தால் இலங்கையும் மாலத்தீவும் வரும். சார்க் என்று எடுத்தால் சீனாவும் மியான்மரும் வெளியே போய்விடும்.

இது வெறும் பட்டியல் பிரச்சினை இல்லை. 2023–24இல் வங்கதேசத்துக்கு நம் ஏற்றுமதி சுமார் 11 பில்லியன் டாலர், இறக்குமதி 2 பில்லியனுக்கும் குறைவு. நேபாளத்தோடும் இலங்கையோடும் நமக்கு உபரிதான். ஆனால் சீனாவுடன் 2024–25இல் ஏற்றுமதி சுமார் 14.3 பில்லியன், இறக்குமதி சுமார் 113.5 பில்லியன், பற்றாக்குறை ஏறத்தாழ 99 பில்லியன் டாலர். மற்ற எல்லா அண்டை நாடுகளின் உபரியையும் கூட்டினாலும் இந்தப் பள்ளம் நிரம்பாது. (இவை எல்லாச் சரக்கும் சேர்ந்த எண்கள். உற்பத்திப் பொருளை இன்னும் பிரிக்கவில்லை.)

ஆகவே "சீனா உட்பட", "சீனா நீங்கலாக" என்று இரண்டு வரிகளாகவே கடைசி வரை கொண்டுபோங்கள். ஒரே கூட்டுத்தொகையாக எழுதினால் படிப்பவருக்குச் சீனாவைத் தவிர வேறெதுவும் தெரியாது.

ஹாங்காங் தரவில் தனி இடமாகத்தான் வரும். மின்னணுச் சரக்கு அந்த வழியாகவும் நகர்வதால், அதைச் சீனாவோடு சேர்க்கப் போகிறீர்களா இல்லையா என்பதையும் இப்போதே நோட்டில் எழுதுங்கள்.

2. எது "உற்பத்திப் பொருள்" என்று தீர்மானியுங்கள்

அதிக நேரம் செலவிட வேண்டிய படி இதுதான். சுங்கத்துறை சரக்குகளை எச்.எஸ். எண்ணால் பிரிக்கிறது. அதில் 97 அத்தியாயங்கள் உண்டு, 77 மட்டும் காலி. ஆனால் "உற்பத்திப் பொருள்" என்ற தொகுப்பு எச்.எஸ். முறையில் கிடையாது. அது இருப்பது ஐ.நா.வின் இன்னொரு வகைப்பாடான எஸ்.ஐ.டி.சி.யில். அதன் 5, 6, 7, 8 ஆகிய பிரிவுகள் முறையே ரசாயனங்கள், பொருள்வாரியாகப் பிரித்த ஆலைப் பொருட்கள், இயந்திரம்–வாகனம், பல்வகை ஆலைப் பொருட்கள். இந்த நான்கிலிருந்து இரும்பல்லாத உலோகங்களான 68ஐக் கழித்தால் கிடைப்பதே உலக வங்கியின் வரையறை. உலக வர்த்தக அமைப்பு 68ஓடு ஆயுதங்களான 891ஐயும் கழிக்கிறது. ஐ.நா.வின் வர்த்தக, வளர்ச்சி அமைப்பான அங்க்டாட் 68ஓடு முத்து, வைரம் அடங்கிய 667ஐக் கழிக்கிறது.

முதல்முறை செய்பவர்களுக்கு உலக வங்கி வரையறையைப் பரிந்துரைக்கிறோம். ஒரே ஒரு கழித்தல்தான், பிறர் எண்களோடு ஒப்பிடவும் எளிது.

இந்த எல்லைக்கோடு எங்கே விழுகிறது என்பதை நம் மாவட்டங்களின் சரக்கை வைத்தே பார்க்கலாம்.

கிரானைட்: பர்கூர், ஜெகதேவிப் பக்கம் குவாரியிலிருந்து கட்டையாகப் போகும் கல் எச்.எஸ். 2516. எஸ்.ஐ.டி.சி.யில் அது கச்சாப் பொருள். அதே கல்லை அறுத்து, பாலீஷ் போட்டு அனுப்பினால் 6802, அதாவது உற்பத்திப் பொருள்.

மாங்கூழ்: காவேரிப்பட்டணத்துப் பக்கம் பெரிய ஆலையில், கொதிகலன் வைத்து, தகரத்தில் அடைத்து வருகிறது. ஆனாலும் எச்.எஸ். 20, எஸ்.ஐ.டி.சி.யில் உணவுப் பிரிவு. உற்பத்திப் பொருள் கணக்கில் வராது.

பட்டு: தருமபுரி அங்காடியில் விற்கும் பட்டுக்கூடும், அதிலிருந்து எடுத்த முறுக்காத கச்சாப்பட்டும் எஸ்.ஐ.டி.சி. 261, கச்சாப் பொருள். முறுக்கி நூலாக்கிய பட்டு 651, நெய்த துணி 654. இவை இரண்டும் உள்ளே வரும். சீனாவிலிருந்து வரும் பட்டில் எது எந்தப் பக்கம் விழுகிறது என்று பார்க்கும்போது இது முக்கியம்.

இருசக்கர வாகனம் 8711, லாரி 8704, வாகன உதிரிபாகம் 8708, இருசக்கர உதிரிபாகம் 8714, கைக்கடிகாரம் 9101, 9102. ஓசூர் சரக்கில் சந்தேகத்துக்கே இடமில்லை, எல்லாம் உள்ளே. ஒன்றை மட்டும் கவனியுங்கள். ஒன்றாக இணைக்காத பாகங்களாகப் பெட்டியில் போகும் வண்டி, முழு வண்டியின் அடிப்படைத் தன்மையோடு இருந்தால், எச்.எஸ். பொது விளக்க விதியின்படி 8711லேயே பதிவாகும். "உதிரிபாக ஏற்றுமதி குறைவு" என்று எழுதும் முன் இதை நினைவில் வையுங்கள்.

இப்போது பெரிய பொறி. எஸ்.ஐ.டி.சி. 68 என்றால் செம்பு, அலுமினியம் முதலிய உலோகங்கள். எச்.எஸ். 68 என்றால் கல், ஜிப்சம், சிமெண்டால் செய்த பொருட்கள். "68ஐக் கழிக்க வேண்டும்" என்று படித்துவிட்டு எச்.எஸ். தாளில் 68ஐ அடித்துவிடுபவர்கள் ஏராளம். அப்படிச் செய்தால் கிருஷ்ணகிரியின் பாலீஷ் கிரானைட் முழுவதும் காணாமல் போகும், கழிக்க வேண்டிய அலுமினியக் கட்டி அப்படியே உள்ளே நிற்கும்.

அதே காரணத்தால்தான் "எச்.எஸ். 28 முதல் 96 வரை கூட்டினால் போதும்" என்ற குறுக்கு வழியையும் தவிர்க்கச் சொல்கிறோம். அத்தியாயங்கள் நடுவில் உடைகின்றன. அத்தியாயம் 25 பெரும்பாலும் கனிமம், ஆனால் 2523 சிமெண்ட் உற்பத்திப் பொருள். 40இல் இயற்கை ரப்பர் 4001 கச்சா, டயர் 4011 ஆலைப் பொருள். 52இல் பஞ்சு 5201 வெளியே, நூல் 5205 உள்ளே. 72இல் பழைய இரும்பு 7204 வெளியே. 71தான் மோசம்: தங்கம் 9ஆம் பிரிவுக்கும், வெள்ளி 68க்கும், வைரம் 667க்கும், நகை 897க்கும் பிரிந்து போகிறது.

இன்னொரு வரையறையும் உண்டு. பொருள் எது என்று பாராமல், எந்தத் தொழிலில் உருவானது என்று பார்ப்பது. நம் தேசியத் தொழில் வகைப்பாட்டில் 10 முதல் 33 வரையிலான பகுதிகள் உற்பத்தித் தொழில். அதன்படி மாங்கூழ் உள்ளே வரும், சுத்திகரித்த டீசலும் வரும். நேபாளத்துக்கு டீசல், பெட்ரோல் நம்மிடமிருந்துதான் போகிறது. ஆகவே இந்த வரையறையில் நேபாளத்துடனான உபரி வீங்கும். ஆலை வேலைவாய்ப்பைப் பற்றி எழுதுகிறீர்கள் என்றால் இது பொருத்தம், வர்த்தகத்தைப் பற்றி என்றால் எஸ்.ஐ.டி.சி. பொருத்தம். ஒரே அட்டவணையில் இரண்டையும் கலப்பதுதான் தவறு.

3. ஆண்டைத் தேர்ந்தெடுங்கள்

இந்தியாவுக்கு ஏப்ரல்–மார்ச். வங்கதேசத்துக்கும் பாகிஸ்தானுக்கும் ஜூலை–ஜூன். நேபாளத்துக்கு ஜூலை நடுவில் தொடங்கி அடுத்த ஜூலை நடுவில் முடியும். சீனாவுக்கும் இலங்கைக்கும் ஜனவரி–டிசம்பர். மியான்மர் நடுவில் அக்டோபர்–செப்டம்பருக்குப் போய், 2022இல் ஏப்ரல்–மார்ச்சுக்குத் திரும்பியது.

இந்தியத் தரவை மட்டும் வைத்துச் செய்கிறீர்கள் என்றால் நிதியாண்டு போதும். மறுபக்க நாட்டின் தரவோடு ஒப்பிடப் போகிறீர்கள் என்றால் ஜனவரி–டிசம்பருக்கு மாறிவிடுங்கள். ஒரே ஓர் ஆண்டை எடுக்காமல் மூன்றாண்டுச் சராசரி எடுப்பது நல்லது. சிறிய நாடுகளில் ஒரு பெரிய ஆர்டரே ஓராண்டைத் தூக்கிவிடும்.

4. தரவை எங்கிருந்து எடுப்பது

இந்தியாவின் மூலத் தரவு கொல்கத்தாவில் உள்ள வணிகத் தகவல், புள்ளியியல் தலைமை இயக்ககத்திலிருந்து வருகிறது. வணிக அமைச்சகத்தின் ட்ரேட்ஸ்டாட் தளத்தில் நாடு வாரியாக, எச்.எஸ். எண் வாரியாக அதைப் பார்க்கலாம். புதிய மாதங்களின் எண்கள் தற்காலிகமானவை, பின்னர் திருத்தப்படும். எனவே இறக்கிய தேதியை நோட்டில் குறியுங்கள்.

ஐ.நா. காம்ட்ரேட்டில் எச்.எஸ்., எஸ்.ஐ.டி.சி. இரண்டு வகைப்பாட்டிலும் கேட்கலாம். அவசரம் என்றால் எஸ்.ஐ.டி.சி.யிலேயே நேராகக் கேட்டு, 5, 6, 7, 8, 68 என்ற ஐந்து வரிகளை மட்டும் இறக்கினால் அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். ஆனால் எந்தப் பொருள் விடையைத் தள்ளுகிறது என்று அதில் தெரியாது. ஓசூர்க்காரருக்கு வேண்டியது அதுதான் என்பதால், ஆறு இலக்க எச்.எஸ். எண்ணில் இறக்குங்கள்.

காம்ட்ரேட்டில் இந்தியாவின் எண் 699. பன்னாட்டு நாட்டு எண்ணான 356ஐப் போட்டால் பழைய தனிப் பதிவுக்குப் போகும், இன்றைய ஆண்டுகளுக்கு எதுவும் வராது. மற்றவை: சீனா 156, ஹாங்காங் 344, வங்கதேசம் 50, நேபாளம் 524, பூடான் 64, இலங்கை 144, மியான்மர் 104, பாகிஸ்தான் 586, மாலத்தீவு 462. கூட்டாளி நாடு 0 என்றால் உலகம். அதைத் தெரியாமல் சேர்த்துக் கூட்டினால் எண் எங்கேயோ போய்விடும்.

ஏற்றுமதி என்ற வரியில் மறு ஏற்றுமதியும் (இறக்குமதியான சரக்கை அப்படியே வெளியே அனுப்புவது) ஏற்கெனவே அடக்கம். மறு ஏற்றுமதி வரியை எடுத்து மேலும் கூட்டாதீர்கள்.

அலகைக் கவனியுங்கள். காம்ட்ரேட் டாலரில் தருகிறது. உலக வங்கியின் வர்த்தகத் தரவுத் தளமான விட்ஸ் ஆயிரம் டாலரில். ட்ரேட்ஸ்டாட் மில்லியன் டாலரில். மூன்றையும் ஒரே தாளில் ஒட்டிவிட்டு, பூடானோடு சீனாவைவிடப் பெரிய வர்த்தகம் நடப்பதாகக் காட்டிய புராஜெக்ட்கள் உண்டு.

5. எக்செல்லில் திறக்கும் முன்

இறக்கிய சி.எஸ்.வி. கோப்பை இரட்டைக் கிளிக் செய்து திறக்காதீர்கள். டேட்டா மெனு வழியாக இறக்குமதி செய்து, எச்.எஸ். எண் உள்ள பத்தியை "டெக்ஸ்ட்" என்று குறியுங்கள். காரணம்: 030617 என்பது உறைந்த இறால். எக்செல் அதை எண்ணாக நினைத்து முன்பூஜ்ஜியத்தை விழுங்கி 30617 ஆக்கும். நீங்கள் முதல் இரண்டு இலக்கத்தை எடுத்தால் 30 வரும். 30 என்பது மருந்துப் பொருட்களின் அத்தியாயம். சீனாவுக்கு நாம் அனுப்பும் இறால் அத்தனையும் மருந்து ஏற்றுமதியாகிவிடும். பார்க்கவும் நம்பும்படியாகவே இருக்கும். பூஜ்ஜியம் ஏற்கெனவே போயிருந்தால், டெக்ஸ்ட் ஃபார்முலாவில் ஆறு பூஜ்ஜிய வடிவம் கொடுத்து மீட்கலாம்.

6. எச்.எஸ். எண்ணுக்கு எஸ்.ஐ.டி.சி. எண் பொருத்துதல்

ஐ.நா. இரண்டு வகை அட்டவணைகள் தருகிறது. ஒன்றில், ஓர் எச்.எஸ். எண்ணோடு தொடர்புள்ள எல்லா எஸ்.ஐ.டி.சி. எண்களும் இருக்கும். மற்றதில், ஓர் எச்.எஸ். எண்ணுக்கு ஒரே எஸ்.ஐ.டி.சி. எண். இந்த இரண்டாவதான மாற்று அட்டவணையைத்தான் எடுக்க வேண்டும். முதலாவதை எடுத்து இணைத்தால் சில வரிகள் இரண்டு மூன்றாகப் பெருகி, மதிப்பும் பெருகும்.

அட்டவணையின் எச்.எஸ். பதிப்பும் தரவின் பதிப்பும் ஒன்றாக இருக்க வேண்டும். 2012, 2017, 2022 என்று பதிப்புகள் மாறியிருக்கின்றன. 2022 பதிப்பில் ஸ்மார்ட்போனுக்கு 851713 என்ற புது எண் வந்தது, செல்போன் பாகங்களின் 851770 என்ற எண் 851771, 851779 என்று பிரிந்தது. பழைய அட்டவணையோடு இணைத்தால் இவை பொருந்தாது. சீனாவிலிருந்து வரும் மின்னணுப் பாகங்களில் ஒரு பெரிய துண்டு அப்படியே விழுந்துவிடும்.

வி-லுக்கப்பில் (ஓர் எண்ணை இன்னொரு அட்டவணையில் தேடி எடுக்கும் எக்செல் ஃபார்முலா) கடைசி இடத்தில் துல்லியப் பொருத்தம் என்பதற்கான 0 கட்டாயம். விட்டுவிட்டால் பக்கத்து எண்ணை எடுத்துக்கொள்ளும், பிழைச் செய்தியும் வராது. பொருந்தாத வரிகளைப் பூஜ்ஜியமாக்காமல் தனித்தாளில் வெட்டி ஒட்டி, பெரியவற்றைக் கையால் பொருத்துங்கள்.

சோதனை: 0 முதல் 9 வரையிலான பிரிவுகளைக் கூட்டினால், தளம் தரும் மொத்த வரியோடு ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் அடுத்த படிக்குப் போகவே கூடாது.

7. கணக்கு

ஒவ்வொரு நாட்டுக்கும்: பிரிவு 5+6+7+8 இலிருந்து 68ஐக் கழியுங்கள். ஏற்றுமதிக்கும் இறக்குமதிக்கும் தனித்தனியே செய்து, பிறகு ஒன்றிலிருந்து ஒன்றைக் கழியுங்கள்.

கற்பனை எண்களில் ஓர் உதாரணம். ஒரு நாட்டுக்கு நம் ஏற்றுமதி 100. அதில் டீசல் 30, அரிசி 10, பிரிவு 5–8 சரக்கு 60, அந்த 60க்குள் அலுமினியக் கட்டி 5. இறக்குமதி 20. அதில் சமையல் எண்ணெய் 12, நூலும் இரும்புக் கலவையும் 8. மொத்த வர்த்தக உபரி 80. உற்பத்திப் பொருள் உபரி 55 கழித்தல் 8, அதாவது 47. தொழில் வாரியான வரையறையில் டீசல், ஆலையரிசி, எண்ணெய் எல்லாம் உள்ளே வந்துவிடுவதால் மறுபடி 80.

பெரிய நாட்டையும் சிறிய நாட்டையும் ஒப்பிட, உபரியை இருவழி வர்த்தகத்தின் கூட்டுத்தொகையால் வகுங்கள். மேலே 47ஐ 63ஆல் வகுத்தால் 0.75. மொத்த வர்த்தகத்துக்கு 80ஐ 120ஆல் வகுத்தால் 0.67. தொகை குறைந்தும் விகிதம் கூடியிருக்கிறது. உற்பத்திப் பொருளில் அந்த நாடு நம்மை இன்னும் அதிகமாகச் சார்ந்திருக்கிறது என்று பொருள். இரண்டு எண்களையும் கொடுத்தால்தான் இது வெளிப்படும்.

ரூபாய்க்கு மாற்றும்போது ஆண்டுச் சராசரி மாற்று விகிதத்தைப் பயன்படுத்துங்கள், மார்ச் 31ஆம் தேதி விகிதத்தை அல்ல. நேபாள ரூபாய் ஒரு இந்திய ரூபாய்க்கு 1.60 என்றும், பூடான் நுல்ட்ரம் ஒன்றுக்கு ஒன்று என்றும் நிலையாகக் கட்டப்பட்டவை. அங்கே குழப்பமில்லை.

8. மறுபக்கத்துத் தரவோடு ஒத்திப் பார்த்தல்

நம் ஏற்றுமதி, கப்பலில் ஏற்றும் வரையிலான விலையில், அதாவது எஃப்.ஓ.பி.யில் பதிவாகிறது. இறக்குமதி, கப்பல் கூலியும் காப்பீடும் சேர்த்த சி.ஐ.எஃப். விலையில். எனவே நாம் நேபாளத்துக்கு விற்றதாக எழுதுவதும், நேபாளம் நம்மிடம் வாங்கியதாக எழுதுவதும் ஒரே எண்ணாக இருக்கவே இருக்காது. பன்னாட்டு நிதியம் இந்த இடைவெளியை முன்பு 10 சதவீதமாக வைத்திருந்தது, பிறகு 6 ஆகக் குறைத்தது. இடைவெளி அதைவிட மிக அதிகமாக இருந்தால் ஆண்டு, அலகு, பதிப்பு மூன்றையும் திரும்பப் பாருங்கள். எல்லாம் சரி என்றால், சுங்கத்துறைப் பதிவில் வராமல் எல்லை தாண்டும் சரக்கும், மூன்றாம் நாடு வழியாகச் சுற்றிப் போகும் சரக்கும் காரணமாக இருக்கலாம்.

வங்கதேசம் காம்ட்ரேட்டுக்குத் தரவு அனுப்பியதில் நீண்ட இடைவெளிகள் உண்டு. அங்கே ஒத்திப் பார்க்கக் கிடைக்காவிட்டால், இந்தியத் தரவு மட்டும் என்று அடிக்குறிப்பிட்டு நகருங்கள்.

9. எண்களைப் படிக்கும்போது

ஒரு நாட்டின் எண் திடீரென்று துள்ளினாலோ விழுந்தாலோ, முதலில் கொள்கை மாற்றத்தைத் தேடுங்கள். பாகிஸ்தான் சரக்குக்கு 2019 பிப்ரவரியில் 200 சதவீதத் தீர்வை வந்தது, 2025 மே மாதத்தில் இறக்குமதியே முழுதாகத் தடை செய்யப்பட்டது. இலங்கை 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்தியது, தனியார் வாகனங்களுக்கு 2025இல்தான் திறந்தது. ஓசூர் வண்டிக்கு இது நேரடி அடி. வங்கதேச ஆயத்த ஆடைகள் தரைவழியே வருவதை இந்தியா 2025 மே மாதத்தில் நிறுத்தி, இரண்டு துறைமுகங்களுக்கு மட்டும் திருப்பியது.

நாட்டுக்கு நாடு கலவை வேறு. மியான்மரிலிருந்து வருவதில் உளுந்து, துவரைக்குப் பெரிய பங்கு. மொத்த வர்த்தகத்தில் நமக்குப் பற்றாக்குறை காட்டும் ஆண்டிலும், உற்பத்திப் பொருளில் உபரி இருக்கலாம். பூடானிலிருந்து வரும் இரும்புக் கலவையான ஃபெர்ரோ சிலிக்கான் உற்பத்திப் பொருள், அங்கிருந்து வரும் மின்சாரம் உற்பத்திப் பொருள் அல்ல. நேபாளத்திலிருந்து வரும் சுத்திகரித்த சமையல் எண்ணெய் பிரிவு 4. அதன் மூலப்பொருள் மூன்றாம் நாட்டிலிருந்து வந்தது என்பது தனிக்கதை. சீனாவிலிருந்து வருவது ஏறத்தாழ முழுவதுமே உற்பத்திப் பொருள், நாம் அனுப்புவதில் இரும்புத் தாதுவும் கடலுணவும் கணிசம். ஆகவே விகிதத்தில் பார்த்தால் சீனாவுடனான நிலை மொத்த எண் காட்டுவதைவிட மோசமாகத்தான் தெரியும்.

10. "கிருஷ்ணகிரி மாவட்டத்துக்கு மட்டும் கணக்கு வேண்டும்" என்றால்

ஏற்றுமதிப் பக்கம் ஓரளவு முடியும். 2020 பிப்ரவரி முதல் ஷிப்பிங் பில்லில் (ஏற்றுமதிக்குச் சுங்கத்துறையிடம் தரும் படிவம்) சரக்கு உருவான மாவட்டத்தைக் குறிப்பிட வேண்டும், அதை வைத்து மாவட்ட வாரி ஏற்றுமதி எண்கள் வருகின்றன. ஆனால் இறக்குமதிக்கு அப்படியொரு மாவட்ட வாரித் தரவு கிடையாது. சென்னைத் துறைமுகத்தில் இறங்கும் சீன லித்தியம் பேட்டரி போச்சம்பள்ளிக்கு வந்ததா, ஸ்ரீபெரும்புதூருக்குப் போனதா என்று அந்தத் தாளைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஒரு பக்கம் இல்லாமல் உபரி, பற்றாக்குறை என்ற பேச்சே இல்லை. தலைப்பை "மாவட்ட ஏற்றுமதியில் அண்டை நாடுகளின் பங்கு" என்று மாற்றிக்கொண்டு, 8711, 8708, 6802 போன்ற நம் எண்களுக்கு மட்டும் இந்திய அளவிலான உபரியைப் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். வழிகாட்டி ஆசிரியர் ஒப்புக்கொள்ளும் அளவுக்கு அது போதும்.